கருமையன்று, புலப்படாமை



அண்டத்தின் உள்ளடக்கத்தில் நாம் அறிந்த பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடே. 27 விழுக்காட்டைக் 'கரும்பொருள்' என்றும், 68 விழுக்காட்டைக் 'கரும் ஆற்றல்' என்றும் எழுதி வருகிறோம். கரிய பொருள் ஒளியை விழுங்கும். இதுவோ ஒளியை உமிழ்வதுமில்லை, விழுங்குவதுமில்லை. ஈர்ப்பினால் அதன் பாதையை வளைக்கிறது. அவ்வளைவால் தொலைதூர விண்மீன் மண்டலங்களின் உருவம் திரிவதைக் கொண்டு அப்பொருளின் பரவலை வரைபடமாக்கியோருள் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜனும் ஒருவர். அண்ட விரிவை விரைவுபடுத்துவதாக 1998இல் உணரப்பட்ட ஆற்றலும் கருநிறம் உடையதன்று. எனவே 'புலப்படாப் பொருள்', 'புலப்படா ஆற்றல்' என்போம். பிழைபட்ட சொல் மாணவர் உள்ளத்தில் பிழைபட்ட படத்தையே வரையும். கலைச்சொல்லாக்கம் பிறமொழிச் சொல்லைப் பெயர்ப்பதன்று. பொருளின் தன்மையறிந்து பெயரிடுவதாகும்.