கொரியாவுக்கு 11,172, நமக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பொறியாளன் மைக்கைப் பிடித்தால் இயந்திரம், வெளிநாடு என்று அளப்பான்னு நினைப்பீங்க. நான் எழுத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

'காரைக்கால்' எத்தனை எழுத்து? ஐந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். கம்ப்யூட்டரைக் கேளுங்கள், பத்து என்கும்! 'கா' அதற்கு ஓர் எழுத்து அல்ல. 'க' ஒன்று, துணைக்கால் ஒன்று. 'ல்' என்றால் 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. 'ரை'யில் நாம் முன்னால் போடுகிற குறியைக்கூட அது 'ர'வுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறது.

கொரிய எழுத்தும் நம்முடையது போல மெய்யும் உயிரும் கூடி வருவதுதான். முதலில் வரும் மெய் 19, உயிர் 21, கடைசியில் வரும் மெய் 27. கடைசி மெய் இல்லாமலும் வரலாம் என்பதால் அதை 28 என்று கொள்ள வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 11,172. யூனிகோடில் அத்தனைக்கும் தனித்தனி எண் இருக்கிறது. நம்ம உயிர்மெய் வெறும் 216. ஆய்தம் வரை சேர்த்தாலும் 247. அவங்களுக்கு இடம் இருக்கு, நமக்கு இல்லையா?

அவர்களுக்கும் சும்மா கிடைக்கவில்லை. 1987-இல் கொரியா வகுத்த தரத்தில் 2,350 எழுத்துகள்தான் இருந்தன. மீதி எழுத்துகளுக்காகப் போராடி, 1996-இல் யூனிகோடு 2.0 வந்தபோது முழுத் தொகுதியையும் வாங்கினார்கள். அதற்காக முன்பு வைத்திருந்த கொரிய எழுத்துகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பழைய எண்ணில் எழுதி வைத்ததெல்லாம் செல்லாக்காசு. பட்டது போதும் என்று, இனி எந்த எழுத்தையும் இடம் மாற்றுவதில்லை என யூனிகோடு அமைப்பு விதி செய்துகொண்டது. கதவு சாத்தியாயிற்று.

நாம் எங்கே இருந்தோம்? இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சாக அரசு வகுத்த 'இஸ்கி' முறையை அடிப்படையாக வைத்து, 1991-இலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கிவிட்டார்கள். தேவநாகரிக்குத் தைத்த சட்டை. அதனால்தான் 'ந'வுக்குப் பக்கத்தில் 'ன', 'ர'வுக்குப் பக்கத்தில் 'ற' உட்கார்ந்திருக்கின்றன. எண்படி அடுக்கினால் அகர வரிசை தப்பும். சரியாக அடுக்கத் தனி அட்டவணை வேண்டும். எழுத்துக்கு ஓர் எண் தரும் 'டேஸ் 16' முறையை 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. (நாம புதுச்சேரிக்காரங்க, அது வேற கதை.) ஆனால் அது யூனிகோடில் அவரவர் சொந்த உபயோகத்துக்கு விட்ட பகுதியில் குடியிருக்கிறது. உங்கள் செல்போனுக்கு அது கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? 'சிவகாமசுந்தரி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எட்டு எழுத்து. தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு படிவத்தில் பன்னிரண்டு இடம் விடுகிறார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் அந்தப் பெயர் பதின்மூன்று! கடைசிக் கொக்கி விழுந்து 'சிவகாமசுந்தர' என்று அச்சாகும். அட்டையில் ஒரு பேரு, வங்கிப் புத்தகத்தில் ஒரு பேரு. அப்புறம் அந்த அம்மா எத்தனை நடை நடக்கணும்! 1954 வரை இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் நம் பாட்டன்மார் பெயரைத் தன் எழுத்தில் எழுதினான். அவனுக்காவது தமிழ் தெரியாது என்று விட்டுவிடலாம்.

247-க்கும் எண் கேட்டு இனியும் மல்லுக்கு நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறிகளைச் சேர்த்து முழு எழுத்தாக எண்ணும் வழி யூனிகோடு விதியிலேயே இருக்கிறது. அதற்கான நிரல்களும் கிடைக்கின்றன. படிவம் எழுதுகிற தம்பிமார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. பெயருக்கு இடம் விடும்போது நாம் எண்ணுகிற எழுத்துக்கு மூன்று பங்கு விடுங்க. வெட்டித்தான் ஆகணும்னா குறியையும் எழுத்தையும் பிரிக்காமல் வெட்டுங்க. சோதித்துப் பார்க்க ராமு, கீதா வேண்டாம். சிவகாமசுந்தரியைப் போட்டுப் பாருங்க.