இடைநின்ற கல்வி
(ஸ்ரீவில்லிபுத்தூரிற் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இச்சபையிலே மிகுந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளுக்குப் பரிசளித்து மகிழ்கின்றோம். அது செய்யத்தக்கதே. ஆயினும், அவர்களோடு ஒரே நாளில் முதல் வகுப்பிற் சேர்ந்து, பத்தாம் வகுப்பை எட்டாமற் போனவர் எத்துணைப்பேர் என்று நாம் எண்ணியதுண்டோ? இன்று யாம் பேசப் புகுந்த பொருள் அதுவேயாம்.

இராஜபாளையத்திலும் இவ்வூரிலும் நம்மவருட் பலர் மில்லிலும் தறியிலும் சிறு கடையிலும் உழைப்போர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியேனும் பிள்ளையைத் தனியார் பள்ளியிற் சேர்க்கின்றனர். அப்பிள்ளைகள் இரண்டிடங்களில் விலகுகின்றனர். முதலாவது ஐந்தாம் வகுப்பின் முடிவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்றார்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய சட்டம் 2020-இல் வந்தபின், அதனைக் கருதி அரசுப் பள்ளிக்குச் செல்வாரும் உளர். இதில் யாதோர் இழிவும் இல்லை.

இரண்டாவது எட்டாம் வகுப்பின் முடிவு. அஞ்சத்தக்கது இதுவே. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர்க்கு அளித்தது. அச்சலுகை எட்டாம் வகுப்போடு முடிகின்றது. ஒன்பதாம் வகுப்பின் வாயிலிலே முழுக் கட்டணமும் ஒருங்கே வந்து நிற்கின்றது. தந்தை திகைக்கின்றான், பிள்ளை வீட்டிலிருக்கின்றான்.

மாறுதல் வேறு, நிற்றல் வேறு. மாறுகின்ற பிள்ளை வேறிடத்திலே படிக்கின்றான். நிற்கின்ற பிள்ளையோ எங்கும் படிப்பதில்லை.

நிற்க. எம் குற்றத்தையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். எம் வகுப்பில் இலக்கணத்தில் வல்ல மாணாக்கன் ஒருவன் இருந்தான். கோடை விடுமுறைக்குப்பின் அவன் வரவில்லை. இரண்டு வாரம் பெயரை அழைத்தோம். பின்னர் வருகைப் பதிவேட்டில் அதனை அடித்தோம். அவன் வீடு அடுத்த தெருவிலேதான் இருந்தது, சென்று கேட்டோமில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சத்திரப்பட்டிப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் கொட்டகையொன்றில் அவனைக் கண்டோம். "ஐயா, பாக்கிப் பணத்துக்குப் பயந்து அப்பா சான்றிதழ் கேட்கவே போகவில்லை" என்றான். நெய்தற்றொழில் தாழ்ந்ததன்று, அறியாமையால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றதே துயரம்.

ஆதலின் ஈண்டுச் சிலவற்றை அறிமின். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதித்தல் பற்றிச் சேர்க்கையை மறுக்க அச்சட்டம் இடந்தரவில்லை. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைத் தடுத்தல் தகாதென 2024-இல் சென்னை உயர்நீதிமன்றமும் கூறிற்று. மேலும், 25 விழுக்காட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை பயின்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளியிற் பயில்வார்க்கும் அந்த 7.5 விழுக்காட்டில் உரிமையுண்டு. இவற்றை அறியாது நின்றவர் எத்துணையரோ!

நம் மாவட்டத்து விருதுநகரிலே வீடுதோறும் பிடி அரிசி ஒதுக்கி ஒரு வித்தியாசாலையை வளர்த்தனர் முன்னோர். அங்கே பயின்ற காமராசர் இளமையிலேயே படிப்பை விட்டவர். 1952-இல் இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியினின்றே லோக்சபைக்குச் சென்றார், 1954-இல் முதலமைச்சரானார். தாம் இழந்ததைப் பிறர் பிள்ளைகள் இழவாவண்ணம் பள்ளியிலே மதிய உணவிட்டார். இடைநின்ற ஒருவர் செய்தது அது. சங்கமாகக் கூடிய நாம் செய்யத்தக்கது யாது?

சித்திரை மாதத்திலே ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் முடிக்கும் நம் பிள்ளைகளின் பட்டியலைத் தெருவாரியாக எழுதுவோம். ஆனியில் ஒவ்வொரு வீட்டிற்கும் இருவர் சென்று, "பிள்ளை எப்பள்ளியிற் சேர்ந்தான்?" என்று வினவுவோம். சேராதிருப்பின், அன்றே அழைத்துச்சென்று சேர்ப்போம். பரிசுத் தொகையிற் பாதியை இதற்கு ஒதுக்குவோம்.

முதலில் வந்தாரைப் பாராட்டுதல் எளிது. வாராதாரைத் தேடிச் செல்லுதலே சங்கத்தின் கடன். எம் பதிவேட்டில் அடித்த அப்பெயரை இனி எழுத இயலாது. அடுத்த பெயரையேனும் அடியாதிருப்போமாக.