பந்தைக் கொடுக்கத் தெரிந்த வரிசை

கம்போங் மேடான் என்னும் ஊர்ப்பெயரில் உள்ள 'மேடான்' என்ற மலாய்ச் சொல்லுக்குத் திடல் என்று பொருள். தோட்டங்களை விட்டு வந்து இப்பகுதியில் குடியேறிய நம் குடும்பங்கள் பல. லயத்து வீடுகளுக்கு அருகில் இருந்த திடலை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத வேறொரு திடலில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1 முதல் 15 வரை, கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடைபெற்றது. தமிழில் வளைகோல் பந்தாட்டம் என்கிறோமே, அதுதான். 1973இல் கிண்ணத்தை வென்ற நெதர்லாந்தை நம் மலேசிய அணி 2-1 என்று தோற்கடித்து, அரையிறுதிக்குள் நுழைந்தது. பயிற்றுநர் ஹோ கோ சாய். கோல் காவலர் கைருடின் சைனல். பூன் ஃபூக் லோக், வோங் சூன் ஹின், ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் ஆகியோர் ஆட்டக்காரர்களுள் சிலர். பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். இந்நாட்டின் மூவினத்தாரும் அந்த அணியில் இருந்தார்கள்.

அக்காலத்தில் ஹாக்கி அணியை நிறுத்தும் முறை பெரும்பாலும் இதுதான்: முன்வரிசையில் ஐவர், நடுவரிசையில் மூவர், பின்காவலில் இருவர், கோல் காவலர் ஒருவர். முன்வரிசை ஐவருக்கும் தனித்தனி இடம் உண்டு. ரைட் அவுட், ரைட் இன், சென்டர் பார்வர்டு, லெப்ட் இன், லெப்ட் அவுட் என்பார்கள். ஓரத்தில் இருப்பவர் எல்லைக் கோட்டை ஒட்டி ஓடி, எதிரியைத் தம் பக்கம் இழுப்பார். அப்போது நடுவில் இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளிக்குப் பந்து வந்தால்தான் கோல் விழும்.

இது சொல்வதற்கு எளிது. என் வகுப்புப் பையன்களிடம் முதன்முதலாக மட்டையைக் கொடுத்தபோது, அத்தனை பேரும் பந்து போன பக்கமே ஓடினார்கள். தானியம் தூவிய இடத்தில் கோழிகள் கூடுவது போல! தன் இடத்தில் நின்று, பந்து வருமென்று நம்பிக் காத்திருப்பதைக் கற்பிக்கவே எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அரையிறுதியில் மலேசியாவை எதிர்த்தது இந்தியா. அந்த அணியிலும் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ் இருந்தார். எந்தப் பக்கம் கைதட்டுவது என்று அன்று பல வீடுகளில் வாக்குவாதம் நடந்ததாக என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. மலேசியா 2-1 என்று முன்னணியில் நின்றது. அதுவரை வெளியே அமர்ந்திருந்த அஸ்லாம் ஷேர் கான், பின்காவலர் மைக்கேல் கிண்டோவுக்குப் பதிலாக இறக்கப்பட்டார். பெனால்டி கார்னரை அடிக்கும் பொறுப்பு அவருக்கு. கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு நின்றார். ஒருவர் பந்தைத் தள்ளிவிட, ஒருவர் தடுத்து நிறுத்த, மூன்றாமவராகிய அஸ்லாம் அடித்தார். ஆட்டம் சமநிலையானது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மற்றொரு கோல் போட, இந்தியா 3-2 என்று வென்றது. மார்ச் 15ஆம் நாள் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கிண்ணத்தையும் பெற்றது. மலேசியாவுக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் நம் நாட்டு ஆடவர் அணி அதைவிட உயர்ந்த இடத்தை இன்றுவரை எட்டியதில்லை.

இதில் நாம் அறிய வேண்டியது என்ன? அஸ்லாமின் அடி அனைவருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் தள்ளியவரும் நிறுத்தியவரும் இல்லாமல் அந்த அடி இல்லை. வெளியே அமர்ந்திருந்த நேரமெல்லாம் அவர் மனம் தளர்ந்திருந்தால், அந்த ஒரு நிமிடமும் வீணாகியிருக்கும். நம் அணியைப் பாருங்கள். தோற்றது உண்மைதான். ஆனாலும் சண்முகநாதனும் ஃபூக் லோக்கும் கைருடினும் ஒருவரையொருவர் நம்பி ஆடியதால்தான் உலக வீரர்களின் எதிரே கடைசி நிமிடங்கள்வரை தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது.

அதே மார்ச் மாதத்தில், 2001ஆம் ஆண்டு, இதே கம்போங் மேடானில் நடந்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. பக்கத்து வீட்டாரைக் கண்டு பக்கத்து வீட்டார் அஞ்சிய நாட்கள் அவை. ஒரு பந்தாட்டத்தால் அந்தப் புண் ஆறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாலைதோறும் ஒரே திடலில் ஆடி, ஒருவன் பெயரை ஒருவன் அழைத்துப் பந்து கேட்டுப் பழகிய பிள்ளைகள், பெரியவர்களான பின்பு வதந்தியை எளிதில் நம்பமாட்டார்கள்.

பெற்றோர்களே, பிள்ளை திடலிலிருந்து திரும்பியதும், "எத்தனை கோல் போட்டாய்?" என்று கேட்பது நம் வழக்கம். நாளை மாலை, "யாருக்கெல்லாம் பந்து கொடுத்தாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள். அன்று வெளியே உட்கார நேர்ந்த பிள்ளையாக இருந்தால், அவனையும் குறைத்துப் பேசாதீர்கள். அவன் முறை வரும்.