மின்னுவது வண்டி, புண்ணாவது மூக்கு
(துறையூரில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சென்ற மாதம் நமது பஸ் நிலையத்தருகே ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நின்றது. 1955-ல் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனிக்காகத் திருவொற்றியூர்த் தொழிலாளிகள் பூட்டிய வண்டி. சைலன்சர், ஹாண்டில்பார், ரிம் எல்லாம் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல மின்னின. "பழசைப் புதுசாக்கிவிட்டேன், அண்ணே. எல்லாம் குரோமியம்" என்றார் வண்டிக்காரர். "யார் கை போட்ட குரோமியம், தம்பி?" என்று கேட்டேன். வெளியூரில் ஒரு முலாம் பட்டறையைச் சொன்னார். போய்ப் பார்த்தேன்.

அங்கே வேலை எப்படி நடக்கிறது? முதலில் பழைய முலாமை உரித்து, துருவைப் போக்கி, இரும்பை பஃப் சக்கரத்தில் தேய்க்கிறார்கள். இந்த வேலை சரியில்லையென்றால் எத்தனை முலாம் போட்டாலும் பள்ளமும் கீறலும் தெரியும். பிறகு காஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, ஆசிட்டில் முக்கி, தாமிரம், அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோமியம். துருவைத் தடுப்பதும், பளபளப்பில் பெரும்பங்கும் நிக்கலுடைய வேலை. குரோமியமோ ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றில் பாதி இருந்தாலே அதிகம். நிக்கல் மங்காமலும் கீறாமலும் காப்பதற்குத்தான் அது.

அந்த மெல்லிய தோலுக்காகத்தான் தொழிலாளி விலை கொடுக்கிறான். குரோமிக் ஆசிட் தொட்டியில் பாயும் மின்சாரத்தில் பெரும்பகுதி முலாமாக மாறுவதில்லை. வாயுக் குமிழிகளாகப் போகிறது. குமிழி வெடிக்கும்போது ஆசிட் நுண்துளியாகக் கிளம்பி மூக்கில் ஏறுகிறது. அது மூக்கின் நடுச்சுவரை அரித்துத் துளையிடும், கையில் ஆறாத புண் வைக்கும், ஆஸ்துமா வரும். இந்தவகைக் குரோமியம் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-லேயே முடிவு கூறிவிட்டது.

அங்கே தொட்டியருகே நின்ற இளைஞர் என்னிடம் சொன்னார்: "மூக்கில் அடிக்கடி ரத்தம் வருது, அண்ணே. சளி என்று நினைச்சுக்கிட்டேன்." சளியல்ல, தோழர்களே!

சட்டத்துக்கு இது தெரியாததா? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணை அதிகாரிகளுக்கு அறிவித்தே தீர வேண்டிய நோய் என்று எழுதிவைத்தது. ஆனால் மின்சக்தி உள்ள இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. முலாம் பட்டறையில் இருப்பதோ நாலைந்து பேர்! பேர் குறைந்தால் விஷமும் குறையுமா?

"எங்களுக்கென்ன, நாங்கள் வயல்காட்டு ஆட்கள்" என்று யாரும் இருந்துவிட வேண்டாம். ராணிப்பேட்டையில் குரோமிய உப்பு செய்த தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவோ ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். அது நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. பட்டறைக் கழுவுநீர் சாக்கடையில் போனால், நாளைக்கு அது நம் கிணற்றுக்கும் வரும்.

ஆகவே, குரோமியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய வண்டியைக் குப்பையில் போடாமல் உயிர் கொடுப்பது நல்ல கைத்தொழில். ஆனால் தொட்டி விளிம்பிலேயே ஆவியை இழுக்கும் விசிறி வேண்டும். துளி கிளம்பாமல் தடுக்கும் மருந்தைத் தொட்டியில் சேர்க்க வேண்டும். ரப்பர் கையுறை, பூட்ஸ், மேலங்கி வேண்டும். மூக்கையும் கையையும் டாக்டர் தவறாமல் பார்க்க வேண்டும். கழிவுநீரை மெட்டா பைசல்பைட்டும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைத்த பிறகே வெளியே விட வேண்டும். அலங்கார முலாமுக்கு விஷம் மிகக் குறைந்த மும்மதிப்புக் குரோமியமும் வந்துவிட்டது. நிறம் சற்றுக் கருக்கலாம், மூக்கு தப்பும்.

முலாம் வேலை செய்யும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்று ராத்திரியே கேளுங்கள்: "மூக்கில் ரத்தம் வருதா?" வருகிறது என்றால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். என்ன வேலை செய்கிறான் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லி எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டுத்தான் நஷ்டஈடு கேட்க முதல் ஆயுதம். பிறகு சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.

வண்டி மின்னட்டும், தோழர்களே! அதை மின்னவைத்தவனும் நலமாக வாழட்டும்!