இருளில் வாசலில் நின்ற பெண்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் சுப்ஹுத் தொழுகைக்காக வெளியே வந்தபோது, அதிகாலை இருளில் ஒரு பெண்மணி வாசலில் நிற்பதைக் கண்டார்கள். அவர்கள் ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி). கணவர் அடித்துக் காயப்படுத்தியதால் முறையிட வந்திருந்தார்கள். நபியவர்கள் "பொறுத்துக்கொள்" என்று திருப்பியனுப்பவில்லை. கணவரை அழைத்து, மஹராகக் கொடுத்த தோட்டங்களைப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடுமாறு தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.

இலங்கையில் சிறுபான்மையினராக வாழும் நம்மிடையே, அடிபட்ட பெண் இன்று எந்த வாசலுக்குச் செல்வாள்? தாய்வீட்டில் "தங்கைமார் குமராக இருக்கிறார்கள்" என்பர். பள்ளிவாசலில் "ஸப்ர் செய்" என்பர். பொலிஸுக்குச் சென்றாலோ, "சமூகத்தின் மானத்தை அந்நியரிடம் விற்றுவிட்டாள்" என்று ஏசுவர். மானத்தைக் கெடுத்தவர் யார்? முறையிட்டவளா, கையோங்கியவனா?

அந்நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தைக் கேடயமாகப் பிடிப்போர் சிந்திக்கட்டும். அவ்வசனம் எவருக்கு அருளப்பட்டதோ, அந்த நபியவர்கள் தம் கரத்தால் எந்தப் பெண்ணையும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அநீதி இழைப்பவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றும் நபியவர்கள் கற்பித்தார்கள். ஆகவே, மகனின் கையைப் பிடித்து நிறுத்தும் தாயே மகனுக்கு நன்மை செய்தவள்.

சகோதரிகளே! 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் பொதுவானது. அதன்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உங்கள் சார்பில் பொலிஸ் அலுவலரும் விண்ணப்பிக்கலாம். கொடுமை காரணமாகப் பஸஹ் விவாகரத்துக் கோர, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் வழி வைத்துள்ளது. இவற்றை நாடுவது மார்க்கத்திற்கு மாறானதன்று.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! பெண்ணின் பேச்சை முதலில் தனியே கேளுங்கள். அடித்தவனுக்கு முன்னால் நிறுத்திச் சமாதானம் பேசாதீர்கள். அவள் உயிருக்கு அஞ்சினால், அவ்வீட்டிற்கே திருப்பியனுப்பாதீர்கள். ஸப்ர் என்பது அநீதிக்குத் துணைபோவதன்று.

இன்றிரவே உங்கள் வாசலை ஒருத்தி தட்டக்கூடும். அவள் உங்கள் மகளாகவும் இருக்கலாம். கதவைத் திறப்பீர்களா?

அல்லாஹ் நம் இல்லங்களை அன்பும் இரக்கமும் நிறைந்தவையாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.