பேரனும் பெயரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சில மாதங்களுக்கு முன் மேல்மலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பாட்டி நம்மைத் தேடி வந்தார். கையிலே ஒரு பை. பைக்குள்ளே மூன்று தாள்கள். பிறப்புப் பத்திரத்திலே காத்தாயி, அடையாள அட்டையிலே காதாய், சேமலாப நிதித் தாளிலே கத்தாய். 40 வருஷம் கொழுந்து பறித்துச் சேர்ந்த பணத்தை எந்தக் காத்தாயிக்குக் கொடுப்பது என்று காரியாலயத்திலே தயங்கினார்களாம். “பேரு மூணா இருந்தாலும் ஆள் நான் ஒருத்திதானே தம்பி?” என்றார் பாட்டி. அந்தக் கேள்விதான் நம்மை இங்கே பேச வைத்தது.

காத்தாயி என்பது தஞ்சைப் பக்கத்து அம்மன் பெயர், காக்கின்ற தாய். நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த சொத்துக்களில் இத்தகைய பெயர்களும் அடங்கும். அழகர் என்றால் மதுரைக்கருகிலுள்ள அழகர்மலை தெரிகிறது. பழனி என்றால் முருகன் மலை தெரிகிறது. மாரிமுத்து என்பதிலே மாரியம்மனும் இருக்கிறாள், அம்மை முத்தும் இருக்கிறது. குப்பாயி, பிச்சை என்றால் வாலிபர் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கத் தக்கதல்ல. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டிலே, இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குழந்தையைக் குப்பையிலே புரட்டியெடுத்து இட்ட பெயர் குப்பாயி. ஒரு தாயின் அச்சம் அதிலே இருக்கிறது. போதும்பொண்ணு என்ற பெயரை மட்டும் நாம் ஆதரிக்க மாட்டோம். அந்தப் பெண் ஆயுள் முழுதும் அதைச் சுமந்தாளே!

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பேரன். ஆகவே நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது சரியன்று. அது ஒரு தலைமுறை விட்டுத் திரும்பி வருகிறது. தந்தை பெயரை முன்னே வைப்பதும் பழைய வழக்கமே. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற புலவர் பெயரைப் பாருங்கள்: ஊர், தந்தை, தாம். இந்நாளில் வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் குடும்பப் பெயர்க் கட்டத்திலே தந்தை பெயரை எழுதுகிறார்கள். விமான நிலையத்திலே அந்தப் பெயரைக் கூப்பிட்டால், அப்பா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்க்கிறார்கள்!

பெயர் பிழைத்தது செக்ரோலிலே. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திலே எழுதினார்கள். பிறகு ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கும், மறுபடி தமிழுக்கும் கொண்டுவந்தார்கள். ழகரம் அந்த வழியிலே காணாமற் போயிற்று. அழகம்மாள் அலகம்மா ஆனாள். லட்சுமி லெச்சுமி ஆனாள். இது அற்ப விஷயமா? 1948-ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. நாம் யார், எங்கே இருந்தோம் என்பதைத் தாள்களைக் கொண்டு நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. அப்போது ஓர் எழுத்துப் பிழையும் ஒரு குடும்பத்துக்குத் தலைவலியாகும். எஞ்சியவர்களுக்கு 2003-ம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்த வழக்குத் தீரவில்லை.

இவ்விடத்திலே நம் கம்பளையின் பழஞ்செய்தி ஒன்று நினைவு வருகிறது. கம்பளை அரசர் காலத்தில், 1344-ம் ஆண்டளவில், கடலாதெனிய விகாரை கட்டப்பட்டது. கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராசாரி, தென்னாட்டார். சிங்களச் சாசனம் அவர் பெயரைக் கல்லிலே காத்து வைத்திருக்கிறது. மேலே தேயிலை நட்டவர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. பதிவுப் புத்தகம் ஒன்றுதான். ஆகவே பிறப்புப் பதிவுக்குப் போகும் தந்தைமாரே, பெயரைத் தமிழிலே எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். பதிந்ததை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பின்பே ஒப்பமிடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குத் துணையாக நம் வாலிபர் இருவர் போகட்டும்.

பாட்டிக்குச் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கொடுத்தோம், பணமும் கிடைத்தது. நன்றி சொல்ல வந்தவர், கொள்ளுப்பேத்தி பிறந்திருப்பதாகச் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டோம். எண் சாத்திரம் பார்த்து வைத்திருக்கிறார்களாம். பாட்டி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், வாயிலே வரவில்லை. “நான் சின்னக்காத்தாயின்னுதான் கூப்பிடுறேன்” என்றார்.