அசோகன் மதித்த அண்டை வீட்டார்

(மயூர் விஹாரில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யமுனையைத் தாண்டினால் பிரோஸ் ஷா கோட்லா. அங்கே நிற்கும் கல்தூண் அசோகச் சக்கரவர்த்தியுடையது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்: அதே அசோகன் கிர்னாரிலும், டேராடூன் பக்கம் கால்சியிலும் பாறையில் வெட்டிய சாசனங்களில் நம் முன்னோர் பெயர் இருக்கிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர்!

கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதாக அவனே எழுதி வைத்தான். அப்பேர்ப்பட்ட பேரரசன் நம்மவரைத் தன் குடிகளாகச் சொல்லவில்லை. யவன அரசன் அந்தியோக்கஸைப் போல, எல்லைக்கு அப்பால் உள்ள அண்டை நாட்டார் என்றான். அங்கும் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததாகச் சொன்னான்.

சத்தியபுத்திரர் யார்? 1981-ல் திருக்கோயிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு விடை சொன்னது: அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர்க்காரன், இன்றைய தருமபுரி!

இந்த மரியாதை வெறும் தயவால் வந்ததா? ஒடிசாவின் உதயகிரியில் ஹாதிகும்பா குகைக்குப் போங்கள். தமிழ் நாடுகளின் கூட்டணியை உடைத்ததாகக் கலிங்க மன்னன் காரவேலன் அங்கே பெருமையடித்திருக்கிறான். அந்தக் கூட்டணி 113 ஆண்டு நின்றதாக அறிஞர் பலர் படிக்கிறார்கள். உடைத்ததே பெருமை என்றால், உடையாமல் இருந்தபோது அதன் பலம் என்ன!

தோழர்களே, இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தொண்டைமானிடம் ஔவையைத் தூதனுப்பிய அதியமானின் தகடூரை அழித்தவன் வடநாட்டான் அல்ல. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை! கூடி நின்றபோது பேரரசு மதித்தது. மோதிக்கொண்டபோது நம்மை நாமே அழித்தோம்.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. எல்லாருக்கும் மாற்று வீடு கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் அது எங்கோ நரேலாவில். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அங்கிருந்து எப்படி வந்து சேர்வது? நாமோ ஊருக்கொரு சங்கம், சாதிக்கொரு சங்கம், கட்சிக்கொரு கிளை என்று பிரிந்து நிற்கிறோம். தனித்தனியாகப் போகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அதிகாரிக்குச் சுலபம்.

ஆகவே என் கோரிக்கை மூன்று. சங்கங்கள் தனியாகவே இருக்கட்டும். குடியிருப்புப் பிரச்சினைக்கு ஒரே கூட்டுக்குழு வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின்சார ரசீது எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு இப்போதே சரிபார்க்க வேண்டும். புல்டோசர் வந்தபின் தேடிப் பயனில்லை. அதே சந்தில் வாழும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களும் நம் அண்டை வீட்டாரே.

நம்மைக் கேட்காமல் நம் வீட்டைப் பற்றி யாரும் முடிவெடுக்க முடியாத நிலையை உண்டாக்குவோம்.